போகிறேன் என்று சொல்லும் வாரம்

எங்கள் பள்ளியில் ஏப்ரலில் ஒரு வாரம் உண்டு. பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தப் போனவர்கள் திரும்பி வந்திருப்பார்கள். சின்ன வகுப்புகளுக்கு மட்டும் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். அந்த வாரத்தில் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் குற்றாலத்துக்குப் போய், தாளாளருடைய லாட்ஜின் முன்னறையில் உட்கார்ந்து, அடுத்த வருஷம் தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வருவார்கள். எழுதிக் கொடுப்பதில்லை. வாயால் சொல்வதுதான் முறை. சொன்னவர்கள் பெரும்பாலும் போவதும் இல்லை. அப்படிச் சொன்னால்தான் சம்பளம் ஏறும். ஸ்டாஃப் ரூமில் இதற்கு 'சொல்லப் போறது' என்றே பெயர் வைத்திருந்தோம். 'சொல்லியாச்சா?' என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம், தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்பதுபோல.

பள்ளி இலஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாளாளருக்கு முதலில் இருந்தது லாட்ஜ்தான். பள்ளி பின்னால் வந்தது. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். நாங்களும் அப்படியே. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைகள் படிக்க வேண்டும், அதற்கு நல்ல வாத்தியார் வேண்டும், அவர்கள் பாதியில் ஓடிவிடக் கூடாது. இதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. ஆனால் அவருக்குத் தெரிந்த கணக்கு லாட்ஜ் கணக்கு. சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டினால் அறைக்கு ஒரு வாடகை. வெயிலில் பாறை தெரிந்தால் வேறு வாடகை. அதே அறை, அதே கட்டில், அதே ஒழுகுகிற குழாய்.

ஆசிரியர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். இயற்பியல், கணிதம், வேதியியலுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பி.எட் முடித்த கையோடு சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கோச்சிங் சென்டர்களுக்கும் பறந்துவிடுகிறார்கள். ஆகவே அவர்களுக்குச் சீசன் ரேட். தமிழுக்கும் வரலாற்றுக்கும் ஆள் வேண்டிய மட்டும் வருவார்கள், அவர்களுக்கு ஆஃப் சீசன். இதை அவர் ஒளித்து மறைத்துப் பேசியதில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டே சொல்வார். யாரையாவது தாழ்த்திப் பேசுகிறோம் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

நான் சீசன் ரேட்டில் வந்தவள். இயற்பியல். ஊர் சாத்தூர்ப் பக்கம். கணவருக்குச் சிவகாசியில் அச்சகத்தில் வேலை. விளம்பரத்தில் எல்லாமே இருந்தது: எங்கள் ஊர்ப் பள்ளியைவிட இரண்டு மடங்கு சம்பளம், தங்க இடம் இலவசம், பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுத்தால் தனியாக ஊக்கத்தொகை, வருஷக் கடைசிவரை நின்றவர்களுக்கு இன்னொரு தொகை. இரண்டு வருஷம் போய்ப் பார், மாடியைக் கட்டி முடித்துவிடலாம் என்றார் கணவர். மகன் அப்போது ஏழாம் வகுப்பு. மாடி கட்டி முடிந்து வெள்ளையடித்து, அந்த வெள்ளையும் உதிரத் தொடங்கிவிட்டது. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். மகன் வருகிற ஜூனில் பிளஸ் டூ போகிறான். அவனுக்கு இயற்பியல் வேறு ஒருவர் டியூஷன் எடுக்கிறார்.

இலவசமாகத் தங்க இடம் என்றது அண்ணாச்சியின் லாட்ஜில் ஓர் அறை. வெளியூரிலிருந்து வந்த நாலைந்து டீச்சர்கள் அங்கே இருந்தோம். வெயில் காலத்தில் ராஜ வாழ்க்கைதான், வராந்தாவில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். ஆனால் சாரல் தொடங்கிய அன்றே மேனேஜர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு நாங்கள் பள்ளியின் மேல்மாடிக்குப் போய்விட வேண்டும். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் மெத்தை. ஆவணி முடிந்து கூட்டம் குறைந்தால் திரும்ப லாட்ஜ். கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகள் வரத் தொடங்கினால் திரும்ப பெஞ்சு. முதல் வருஷம் அழுதேன். அடுத்த வருஷம் சண்டை போட்டேன். அதற்கப்புறம் மேனேஜரின் தலை படியில் தெரியும்போதே பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிடுவேன்.

சனிக்கிழமையும் பிளஸ் டூவுக்கு வகுப்பு உண்டு, பரீட்சை நெருங்கினால் ஞாயிறும் உண்டு. ஊக்கத்தொகை வேண்டுமானால் அதையெல்லாம் எடுத்தாக வேண்டும். ஊருக்கு மாதத்துக்கு ஒருமுறை போனால் அதிகம். ஒருமுறை மகனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, எழுந்து வீட்டுக்கும் வந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் கணவர் போனில் சொன்னார். உனக்கு ரிவிஷன் நேரம், சொன்னால் பதறுவாய் என்று சொல்லவில்லை என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டுப் போய் வகுப்பெடுத்தேன். பதற்றம் வரும் வரும் என்று அன்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். வரவில்லை. எங்கோ ஓரிடம் மரத்துப் போய்விட்டது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் நானும் சொல்லப் போவேன். மற்றவர்கள் சம்பளத்துக்காகச் சொன்னார்கள். நான் பாதி நிஜமாகவே சொன்னேன். ஒரு வருஷமாவது அண்ணாச்சி சரி போங்க என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாம் என்று இருந்தது. அவர் விடுவதாக இல்லை. சுக்குக் காபி வரும். 'நீங்க போனா இந்தப் புள்ளைங்க கெதி என்ன டீச்சர்?' என்பார். கொஞ்சம் ஏற்றித் தருவதாகச் சொல்வார். கணவரிடம் போனில் சொன்னால் அவருக்குச் சந்தோஷம். அவ்வளவுதான், இன்னொரு வருஷம் முடிந்துவிடும்.

சொல்லப் போகாத ஆள் பள்ளியில் ஒருவர் உண்டு. தமிழம்மா. தமிழ் எடுக்கிறவரைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். எங்களுக்கும் அவர் தமிழம்மாதான். உள்ளூர், இலஞ்சிக்காரர். பள்ளி ஓட்டுக் கட்டடமாக இருந்த நாளிலிருந்தே இருக்கிறவர். அண்ணாச்சியின் இரண்டு பெண்களும் அவரிடம் படித்தவர்கள். கணவருக்குத் தேங்காய் வியாபாரம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. டீ நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம ஆஃப் சீசன் ரூம்லா. ஃபேன் ஓடுனாப் போதும்" என்று தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்வார். எல்லாரும் சிரிப்போம். அவரும்தான் சிரிப்பார்.

போன ஜூனில் வேதியியலுக்கு ஒரு பெண் சேர்ந்தாள். இதே பள்ளியில் தமிழம்மாவிடம் படித்த பிள்ளை. முதல் சம்பளம் வாங்கியதும் லட்டுப் பெட்டியோடு வந்து தமிழம்மாவின் காலில் விழுந்தாள். எழுந்த வேகத்தில், பூரிப்பில், சம்பளம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிட்டாள். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் தமிழம்மாவைப் பார்த்தோம். அது தமிழம்மா வாங்குவதைவிட அதிகம் என்பது அந்தப் பெண்ணைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தமிழம்மா அவள் கன்னத்தைத் தட்டி, நல்லா இரு என்று சொல்லி, லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அப்புறம் ஆஃப் சீசன் கிண்டலை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

இந்த ஏப்ரலில், யாரும் எதிர்பாராமல், தானும் சொல்லப் போவதாகச் சொன்னார்.

ஸ்டாஃப் ரூமே குஷியாகிவிட்டது. ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள் என்றார் கணக்கு சார். இல்லாத பள்ளியை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று தமிழம்மா மறுத்துவிட்டார். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லலாமே என்றாள் வேதியியல் பெண். சொல்லாத மனிதர்மேல் எதற்குப் பழி போடுவது என்றார். கடைசியில், அடுத்த வருஷம் நான் வரவில்லை என்ற ஒரே வரியை மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று. அதைக்கூடச் சிரிக்காமல் அவரால் சொல்ல வரவில்லை. ஒத்திகை பார்க்கப் பார்க்கச் சிரிப்புதான் வந்தது.

எனக்கும் அன்றுதான் முறை. பள்ளி விட்டதும் இருவரும் சேர்ந்தே பஸ் ஏறினோம். அவர் பச்சையில் சிவப்புக் கரை போட்ட புடவை கட்டியிருந்தார், விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குக் காசு ஏத்தித் தரணும்னு இல்ல டீச்சர். ஒவ்வொரு வருசமும் நீங்கல்லாம் போய்ட்டு வந்து, போகாதீங்கன்னு அண்ணாச்சி கெஞ்சினாருன்னு சொல்லுதீங்க. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நான் போவேன்னே அவருக்குத் தோணலியே. ஒரு தடவ அந்த வார்த்தைய என்னப் பாத்துச் சொல்லிட்டாருன்னா நான் பேசாம வந்து என் சோலியப் பாப்பேன்."

அந்த வார்த்தையை எத்தனையோ முறை கேட்டவள் நான். அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அருவியில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைகள் பாதி அடைப்பு, ரோட்டில் குரங்குகள்தான் நடமாடின. லாட்ஜில் அண்ணாச்சி மட்டும் முன்னறை மேஜையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வந்துட்டீங்களா என்று சிரித்தார். என் வேலை சீக்கிரம் முடிந்தது. நான் போகிறேன் என்றேன், அவர் போகாதீங்க என்றார், காபி வந்தது. அடுத்த வருஷம் ஏற்றம் உண்டு, போதாததற்குச் சீசனிலும் காலி பண்ண வேண்டாத ஓர் அறை என்றார். அந்த அறைக்காகப் பழைய நானாக இருந்தால் குதித்திருப்பேன்.

தமிழம்மா எனக்குத் துணையாக வந்திருப்பதாகத்தான் அண்ணாச்சி நினைத்திருந்தார். அவர் பக்கம் திரும்பி வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். தமிழம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, வர்ற வருசம் நான் வரல."

சிரிப்பு வரவில்லை. ஒத்திகையில் வராத அழுத்தம் அந்த நிமிஷத்தில் எப்படியோ வந்துவிட்டது. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். எங்கள் யாருக்காகவும் அவர் அப்படி எழுந்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். கண் கலங்கியிருந்தது.

"இவங்கல்லாம் வருசா வருசம் வந்து சொல்லுவாங்க டீச்சர், நானும் ஏதாவது சொல்லுவேன், அது ஒரு இதுக்கு. நீங்க அப்பிடி இல்ல. ஒரு பொய் உங்க வாயிலேர்ந்து வந்து நான் கேட்டதில்ல. எம் புள்ளைகளுக்கு நீங்க சொல்லிக் குடுத்ததே அதான். யோசிக்காமச் சொல்ல மாட்டீங்க. நல்லபடியா இருங்க."

நான் 'அண்ணாச்சி' என்று வாயைத் திறந்தேன். தமிழம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். வலித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே ஆளனுப்பி ஒரு தாம்பாளத்தில் மங்குஸ்தானும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார் அண்ணாச்சி. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். சரி அண்ணாச்சி என்று வாங்கிக்கொண்டார் தமிழம்மா.

தாம்பாளத்துப் பழங்களை ஒரு பையில் மாற்றிக்கொண்டு தமிழம்மா கிளம்பினார், வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாப்புவரை போனேன். அங்கே வந்து நின்றதும் பழப்பையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரிக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய சிரிப்பு நின்றது. திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம், அண்ணாச்சி ஒன்றும் நினைக்க மாட்டார் என்றேன்.

"எத்தன பேர் பொய் சொன்னாலும் அவருக்குத் தெரியும், சிரிச்சுக்கிடுவாரு. என்ன மட்டுந்தான் நம்பிட்டாரு. அந்த ஒண்ணுதான் இத்தன வருசத்துல நான் சம்பாதிச்சது போல. அதையும் போய் இல்லன்னு சொல்லவா டீச்சர்?"

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, இலஞ்சி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. பழைய மாணவர்கள் துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கும்பிடுகிற கைகளை அனுப்பினார்கள். கணக்கு சாருக்கு விஷயம் புரிந்து, அவர் தலையைக் குனிந்துகொண்டே திரிந்தார். தமிழம்மா வழக்கம்போல வந்தார், பரீட்சைத் தாள்களைத் திருத்தினார், பீரோவைக் காலி பண்ணினார். கடைசி வேலைநாளில் பிரிவுபசார விழா. அண்ணாச்சி பெரிய குத்துவிளக்கு ஒன்று வாங்கியிருந்தார், அதைத் தூக்கி வரவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மைக்கில் பேச ஆரம்பித்துப் பாதியில் குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார். வேதியியல் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். தமிழம்மா மட்டும் அழவில்லை. எல்லாருக்கும் நன்றி என்று சொன்னார். பிறகு மேடையிலேயே இரண்டு தடவை அண்ணாச்சியின் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவர் ஏதாவது சொல்வார் என்பதுபோல. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சத்தியம் ஒன்றும் நான் செய்து கொடுக்கவில்லை. மறுநாள் காலை லாட்ஜ் மாடியிலிருந்து இறங்கி வந்து அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழம்மா நிஜமாகப் போகவில்லை, நாங்கள் சொல்வதைப் போலத்தான் சொன்னார், ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தார் என்றேன். அண்ணாச்சி முதலில் நம்பவில்லை. பிறகு முகமெல்லாம் வெளிறிவிட்டது. வேறொன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இலஞ்சிக்குப் போனார்.

நான் முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன். மேனேஜர் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

அண்ணாச்சி திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நீங்கதான் தப்பா நெனச்சிட்டீங்க டீச்சர். நிஜமாத்தான் போறீங்களான்னு நேராவே கேட்டுட்டேன். நிஜந்தான்னு சொல்லிட்டாங்க. முட்டு வலியாம், மாடிப்படி ஏற முடியலையாம். நீங்க சொன்னதக் கேட்டு ஒரு நிமிசம் எனக்கு உயிரே போயிட்டு. அவங்க போயி பொய் சொல்லுவாங்களா?"

முட்டு வலி என்று தமிழம்மா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படியை எங்களுக்கு முன்னால் ஏறிப் போகிறவர்.

"போகாதீங்கன்னு சொன்னீங்களா அண்ணாச்சி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அத எப்பிடி நான் சொல்ல? அவங்க முடிவுல்லா. உங்கள மாதிரி ஆளுகன்னா பேசலாம், கூடக் கொறையக் குடுக்கலாம். அவங்களப் போயி வெல பேசுன மாதிரி ஆயிரும்லா. மரியாத இல்ல."

கோபம் வர வேண்டிய இடம். வருமென்று பார்த்தேன். நெஞ்சின் படபடப்பு அடங்கியதுதான் மிச்சம். அவர்மேல் கோபப்படவும் முடியாது, அவர் அந்த அம்மாவை எங்கள் எல்லாரையும்விட உயரத்தில் வைத்திருந்தார். அங்கே வைத்த பிறகு ஒருவரிடம் போய் இரு என்று கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

புதிய தமிழ் டீச்சர் ஒருவர் திண்டுக்கல்லிலிருந்து வருகிறார் என்றும், வெளியூர் ஆளாக இருப்பதால் அறையும் கொடுத்து முன்னைவிடக் கூடுதலாகத்தான் பேச வேண்டியிருந்தது என்றும் அவரே சொன்னார். தமிழுக்கும் சீசன் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் எழுந்தேன். மே மாத ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நீங்க மட்டும் போயிராதீங்க டீச்சர். என்ன வேணுமோ கேளுங்க, செஞ்சிருதேன்" என்றார்.

எனக்கு ஊருக்குப் போகணும் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த முன்னறையில், வாசல் வழியே தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு, அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் முழுசாக நிஜமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

அண்ணாச்சி மேஜையில் கிடந்த காலண்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எத்தனை நாள் லீவு வேணும் என்று கேட்டார்.

இரண்டு நாள் என்றேன்.